மலையைச் சமதரையாக வரையாதீர்கள்: வெளிநாட்டுச் சூழல் வடிவமைப்புப் பெலோஷிப்புக்கு விண்ணப்பிப்போருக்கு

இலங்கை மலையகத்தின் ஹட்டன், மஸ்கெலியா, பண்டாரவளைப் பக்கத்து இளம் பட்டதாரிகள் சிலர் வெளிநாட்டுப் பெலோஷிப்புகளுக்கான விண்ணப்பங்களை அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டிவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. கட்டடக்கலையோ நிலத்தோற்றக் கட்டடக்கலையோ நகரத் திட்டமிடலோ படித்து முடித்து ஓரிரு ஆண்டுகளே ஆனவர்கள் அவர்கள். பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழைகளை அவர்களும் அப்படியே செய்வதைக் காணும்போது மனம் பொறுக்காமல் இதை எழுதுகிறேன். எழுத்துப்பிழை, கையொப்பம் மறத்தல், கோப்பின் அளவு போன்றவற்றைக் கூட இருக்கும் நண்பரே பார்த்துச் சொல்லிவிடுவார் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

தகுதி வரியை அரைகுறையாக வாசித்தல்

‘அண்மைப் பட்டதாரி’ என்ற சொல்லைக் கண்டதும் நம்மவர்கள் பட்டமளிப்பு விழா நடந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்குகிறார்கள். பட்டம் செல்லுபடியாகும் திகதி வேறு, விழா நடக்கும் திகதி வேறு. இரண்டுக்கும் இடையில் மாதங்கள் கடந்துவிடக்கூடும். எந்தத் திகதியைக் கொள்வது என்று நடத்துபவர்களிடமே எழுதிக் கேட்டு, அவர்களுடைய பதிலைப் பத்திரப்படுத்துங்கள். திட்டத்துக்குத் திட்டம் விதியும் மாறும். பிரித்தானிய அரசின் செவ்னிங் புலமைப்பரிசில் 2,800 மணித்தியால வேலை அனுபவத்தை, அதாவது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளைக் கேட்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் முதுகலைக்கு இறுதியாண்டு மாணவரும் விண்ணப்பிக்கலாம்.

மலையைச் சமதரையாக வரைதல்

இந்தப் பிழைக்காகவே நான் ஒரு வாய்ப்பை முழுமையாக இழந்தேன். என் முதல் போர்ட்ஃபோலியோவில், அதாவது வரைபடத் தொகுப்பில், தேயிலைத் தோட்டமொன்றுக்கான புதிய பிள்ளைக்காம்பரா (குழந்தைகள் பராமரிப்பு நிலையம்) ஒன்றை வடிவமைத்து வைத்திருந்தேன். வர்ணம் தீட்டிய தரைப்படம் இருந்தது, பச்சை வட்டங்களாக மரங்கள் இருந்தன, வெயில் விழும் முற்றத்தில் பிள்ளைகள் விளையாடும் காட்சியும் இருந்தது. நிலத்தையும் கட்டடத்தையும் செங்குத்தாக வெட்டிப் பக்கவாட்டில் காட்டும் வெட்டுமுகம் மட்டும் ஒன்றுகூட இல்லை. நேர்முகத்தில் ஒருவர் கேட்ட கேள்வி இன்றும் நினைவிலிருக்கிறது: “இந்தக் கட்டடத்துக்கு மேலேயுள்ள மலையில் பெய்யும் மழை எங்கே போகிறது?” என் அப்பா முப்பது வருடங்கள் தோட்டத்தில் கான் (மழைநீர் வடிகால்) வெட்டியவர்; எந்தக் கான் எந்த மழையில் உடையும் என்பதை வாசலில் நின்றபடியே சொல்லக்கூடியவர். அந்த வீட்டிலிருந்து போன நான், காட்டுவதற்கு ஒரு கோடுகூட இல்லாமல் அமர்ந்திருந்தேன். அடுத்த சுற்று வருவதற்குள் பட்டம் பெற்று இரண்டு ஆண்டுகளுக்குள் என்ற அவர்களுடைய எல்லையைக் கடந்துவிட்டேன்.

இதே பிழை இன்றும் என் மேசைக்கு வருகிறது என்பதுதான் எனக்கு ஆத்திரமூட்டுகிறது. செய்மதிப் படத்தை இறக்கி அதன்மேல் கோடு போடுகிறார்கள். மேலிருந்து பார்த்தால் 30 பாகைச் சரிவும் வெறும் பச்சைத் தரையாகவே தெரியும். அண்மையில் ஒரு மாணவி, லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளிலிருந்து) வெளியேறும் குடும்பங்களுக்குத் தலா 7 பேர்ச் காணியில் வீடு என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். நல்ல எண்ணம், உழைப்பும் தெரிந்தது. ஆனால் காணிகள் சதுரங்கக் கட்டங்களைப் போல வரிசையாக இருந்தன. சரிவில் ஒருவர் தன் வீட்டுத் தளத்துக்காக வெட்டி எடுக்கும் மண்தான் மேல்வீட்டைத் தாங்கி நிற்கும் மண் என்பதை அந்தப் படம் எங்கும் சொல்லவில்லை. அவர் பிறந்ததே அப்படியொரு சரிவில்.

தேயிலை மலையில் குறுக்குக் கான்கள் மெல்லிய சாய்வில் நீரைக் கொண்டுபோய், சரிவோடு இறங்கும் பெரிய கானில் சேர்க்கின்றன. அவை தூர்ந்து போனால் நீர் மண்ணுக்குள் இறங்குகிறது. ஊறிய மண் கனத்து, உள்ளே நீரழுத்தம் கூடி, பிடிப்பை இழக்கிறது. எங்கள் மலைகளின் வடிவமைப்புக் கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. இதைக் காட்டாமல், 2014 ஒக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் நடந்த மண்சரிவின் படத்தை முதற்பக்கத்தில் போட்டு, அடியில் ‘காலநிலை மாற்றம்’ என்று எழுதிவிடுகிறார்கள். இறந்தவர்களின் மண்ணை அட்டைப்படமாக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதோடு அந்தப் படம் தேர்வுக்குழுவிடம் உங்கள் திறமையைப் பற்றி ஒன்றும் சொல்வதுமில்லை.

செய்ய வேண்டியது இதுதான். உங்களுக்குத் தெரிந்த ஓரிடத்தில், லயத்துக்கு மேலுள்ள தேயிலை மலையிலிருந்து கீழே ஓடும் ஆறு வரை ஒரே கோட்டில் அளந்து இறங்குங்கள். மேசன் பாஸ் வைத்திருக்கும், உள்ளே நீர் தெரியும் பிளாஸ்டிக் குழாயில் நீர் நிரப்பி மட்டம் பார்ப்பது போதும். விலையுயர்ந்த கருவி தேவையில்லை. மேல்கான், ரோட்டு, லயத்தின் பின்சுவர், 10 அடிக்கு 12 அடி அறை, இஸ்தோப்பு (முன் விறாந்தை), மரக்கறித் தோட்டம், பீலி (ஊற்றுநீர் பிடிக்கும் இடம்) என ஒவ்வொன்றும் அந்தக் கோட்டில் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைக் குறித்து, கிடைமட்டத்துக்கும் செங்குத்துக்கும் ஒரே அளவுத்திட்டத்தில் வரையுங்கள். சரிவைக் கவர்ச்சிக்காக மிகைப்படுத்தினால் அனுபவமுள்ள கண் உடனே பிடித்துவிடும். பின்சுவரில் ஈரம் எந்த உயரம் வரை ஏறியிருக்கிறது, மழை நின்று எவ்வளவு நேரம் கழித்துக் கான் வற்றியது, பீலி எந்த மாதத்தில் மெலிகிறது என்பவற்றையும் அதே தாளில் எழுதுங்கள். பீலி பற்றிய பதில் வீட்டுப் பெண்களிடம்தான் இருக்கும். அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்னதாகவே குறிப்பிடுங்கள்.

இன்னொன்றையும் அந்தத் தாளில் விளக்க வேண்டும். மஸ்கெலியாப் பக்கத்து மேற்குச் சரிவு மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழையில் நனையும்போது, பதுளைப் பக்கம் காய்ந்த காற்று வீசுகிறது. பதுளை அடங்கிய ஊவாவின் பெருமழை ஒக்டோபரிலிருந்துதான். ஐரோப்பாவிலிருந்து வாசிப்பவருக்கு இது தெரியாது. நீங்கள் அளந்த சரிவு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று ஒரு சிறிய வரைபடத்தில் காட்டிவிட்டால், வெட்டுமுகத்திலுள்ள ஒவ்வோர் அளவும் அவருக்குப் பொருள்படும்.

பரிந்துரைக் கடிதம்

உங்கள் வரைபடத்தில் சிவப்புப் பேனாவால் திருத்திய விரிவுரையாளரிடம் கேளுங்கள்; உங்களை அறியாத பெரிய மனிதரிடம் கேட்காதீர்கள்.

குழு வேலை

நீங்கள் வரைந்தது எது, மற்றவர் வரைந்தது எது என்று ஒவ்வொரு பக்கத்திலும் எழுதுங்கள்.

பெயர்

தோட்டப்புறத்தில் பிறந்த பலரின் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும், அடையாள அட்டையில் வேறோர் எழுத்துக்கூட்டலும், பட்டச் சான்றிதழில் மூன்றாவதும் இருக்கும். கடவுச்சீட்டில் உள்ளபடியே விண்ணப்பத்தை நிரப்பி, மற்றவற்றின் வேறுபாட்டுக்குச் சத்தியக்கடதாசி இணைக்கலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள். சிங்களத்தில் உள்ள சான்றிதழுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பை எடுக்கவும் நாள் ஆகும்.

நேரம்

இறுதி நாள் நள்ளிரவு என்றால் எந்த நாட்டு நள்ளிரவு என்று பாருங்கள். ஜப்பானில் அது நமக்கு மூன்றரை மணித்தியாலம் முன்னதாகவே வந்துவிடும். ஆனால் உண்மையான நேரக் கணக்கு மழையோடு உள்ளது. எராஸ்மஸ் முண்டுஸ் கற்கைநெறிகள் பெரும்பாலும் ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் விண்ணப்பம் கோருகின்றன. ஜனவரியில் மஸ்கெலியாவுக்குப் போய்க் கானைப் படமெடுத்தால் காய்ந்த பள்ளம்தான் கிடைக்கும். அந்தச் சரிவை வரையப் போகிறவர் முந்திய ஜூனிலோ ஜூலையிலோ குடையோடும் அளவு நாடாவோடும் அங்கே நின்றிருக்க வேண்டும்.