வேலைக்குப் போகிறவர்களுக்குச் சிக்குக் கோலம்: நோட்டுப் புத்தகத்திலிருந்து வாசல்வரை

நாற்பது வயதில் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று முடிவுசெய்து, முதலில் ஒரு கீபோர்டு வாங்கினேன். அது இப்போது மடித்த துணிகளைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கு இவ்வளவு போதும் என்று எங்கே நிறுத்துவது என்பது எனக்குக் கடைசிவரை தெரியவில்லை; அதனாலேயே அது கைவிட்டுப்போயிற்று என்று நினைக்கிறேன். சிக்குக் கோலத்தில் அந்தக் குழப்பம் இல்லை. புள்ளிகளைச் சுற்றி வளைந்தோடும் கோடு, அதாவது கம்பி, புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வந்து சேர்ந்துவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. மறுநாள் காலையில் துடைப்பம் அதை எடுத்துக்கொண்டு போய்விடும் என்பதால், நேற்றுப் போட்டது கோணலாக இருந்ததே என்ற கவலையும் மிஞ்சுவதில்லை. அலுவலகம் போய்வருகிறவர்கள் நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கி இதைப் பழகும் முறையை, நான் பழகிய வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன்.

படி 1: சிறிய இலக்கு ஒன்றை வையுங்கள்

"கோலம் கற்றுக்கொள்ளப் போகிறேன்" என்பது இலக்கு ஆகாது. "மார்கழி பிறப்பதற்குள் 5-1 நேர்ப்புள்ளிக் கோலத்தைப் பார்க்காமல் வாசலில் போடுவேன்" என்பது இலக்கு. மார்கழி டிசம்பர் நடுவில் பிறக்கிறது. நவம்பர் தொடக்கத்தில் நோட்டைத் திறந்தால் ஆறு வாரம் கிடைக்கும், அது போதும். காணொளிகளில் வரும் 21 புள்ளிக் கோலங்களைப் பார்த்து அப்படியே வரைவதைத் தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள். பார்த்துப் போடுகிறவருக்கு அந்த ஒரு கோலம் வரும். கம்பி ஓடும் விதம் பிடிபட்டவருக்கு எந்தப் புள்ளிக்கும் கோலம் வரும். வண்ணப்பொடியையும் இந்த ஆறு வாரத்தில் தொட வேண்டாம்.

படி 2: புள்ளிக் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

நேர்ப்புள்ளி என்றால் ஒரு வரிசையின் புள்ளிக்கு நேர் கீழே அடுத்த வரிசையின் புள்ளி வரும். 5-1 நேர்ப்புள்ளி என்று சொன்னால் நடு வரிசையில் 5, இரண்டு ஓர வரிசைகளிலும் 1; அதாவது வரிசைகள் 1, 3, 5, 3, 1 என்று அமையும். ஊடுபுள்ளி என்றால் இரண்டு புள்ளிகளுக்கு இடையிலுள்ள சந்தில் அடுத்த வரிசையின் புள்ளி வரும். 7-4 ஊடுபுள்ளியில் வரிசைகள் 4, 5, 6, 7, 6, 5, 4. பழகுகிறவர்கள் நேர்ப்புள்ளியோடு நின்றுகொள்வது நல்லது.

படி 3: முதல் வாரம் முழுவதும் நோட்டில்

கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும் போதும். ஒரு நடுப்புள்ளியும் அதன் மேலே, கீழே, வலப்பக்கம், இடப்பக்கம் ஒவ்வொரு புள்ளியுமாக 1-3-1 என்று ஐந்து புள்ளிகள் வையுங்கள். சிக்குக் கோலத்தின் விதிகள் சுருக்கமானவை: கம்பி புள்ளியின் மேல் படக் கூடாது, புள்ளியைச் சுற்றியே போக வேண்டும், எந்தப் புள்ளியும் வெளியே விடுபடக் கூடாது, தொடங்கிய இடத்தில் வந்து மூட வேண்டும்.

நடுப்புள்ளிக்கும் மேல்புள்ளிக்கும் இடையிலுள்ள நடு இடத்தில் பென்சிலை ஊன்றுங்கள். வலப்பக்கமாக மேலேறி, மேல்புள்ளியைச் சுற்றி, அதன் இடப்பக்கமாக இறங்கி, தொடங்கிய இடத்தை வெட்டிக்கொண்டு வலப்பக்கம் கீழே சரியுங்கள். நடுப்புள்ளிக்கும் வலப்புள்ளிக்கும் இடையே புகுந்து, வலப்புள்ளியின் அடியில் ஓடி, சுற்றி மேலாகத் திரும்பி, புகுந்த இடத்தையே வெட்டிக்கொண்டு இடப்பக்கம் கீழே சரிந்தால் கீழ்ப்புள்ளிக்கு மேலே வந்துவிடுவீர்கள். கீழ்ப்புள்ளியை இடப்பக்கமாக இறங்கிச் சுற்றி வலப்பக்கமாக ஏறுங்கள். பிறகு இடப்புள்ளியை மேலாகப் போய்ச் சுற்றி அடியில் திரும்புங்கள். அங்கிருந்து வலப்பக்கம் மேலேறினால் பென்சில் புறப்பட்ட இடத்தில் நிற்கும். நான்கு இதழ்கள், நான்கு வெட்டுகள், நடுப்புள்ளியைச் சுற்றி ஒரு சிறு கட்டம். வெளிப்புள்ளிகள் நான்கையும் இடஞ்சுழியாகவும் நடுப்புள்ளியை வலஞ்சுழியாகவும் சுற்றியிருப்பதைக் கவனியுங்கள். இந்த மாறி மாறிச் சுழலும் ஓட்டம் மணிக்கட்டுக்குப் பழகிவிட்டால் கண் தேட வேண்டிய வேலை பாதி குறைந்துவிடும். எனக்கு இது வர நான்கு நாள் பிடித்தது. மூன்றாம் நாள் பேருந்தில் நின்றுகொண்டே தொலைபேசித் திரையில் விரலால் சுற்றிப் பார்த்தேன்.

படி 4: எத்தனை கம்பி வரும் என்று எண்ணுங்கள்

பொழுதுபோக்கு என்னைப் பைத்தியமாகப் பிடித்துக்கொண்டது இந்தப் படியில்தான், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். புள்ளிகளைச் செவ்வகமாக வைத்து, அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு இடையே எல்லா இடத்திலும் கம்பி வெட்டிக்கொள்ளுமாறு வரையுங்கள். 2 வரிசை, வரிசைக்கு 3 புள்ளி என்று வைத்தால் ஒரே கம்பியில் முடியும். 3-க்கு 4 வைத்தாலும் ஒரே கம்பி. ஆனால் 2-க்கு 2 வைத்தால் கம்பி இரண்டு புள்ளிகளை மட்டும் சுற்றிவிட்டு மூடிக்கொள்ளும். மற்ற இரண்டுக்கு இன்னொரு கம்பி தொடங்க வேண்டும். 3-க்கு 3 என்றால் மூன்று கம்பி, 4-க்கு 6 என்றால் இரண்டு. இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணி எதுவோ அத்தனை கம்பிகள் வரும். பள்ளியில் எதற்குப் படிக்கிறோம் என்று தெரியாமல் படித்த கணக்கு இத்தனை ஆண்டு கழித்துத் தரையில் வந்து நிற்கும் என்று யார் கண்டது? தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் 1970-களில் கோலங்களைக் கணினியியலின் இலக்கண முறைகளால் ஆராய்ந்தார்கள் என்பதைப் பின்னால் படித்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை.

இரண்டு கம்பிகளை ஒன்றாக்கவும் வழி உண்டு. 2-க்கு 2 கோலத்தில் எதிரெதிராகச் சாய்ந்த இரண்டு வாழைக்காய்கள் போல இரு கம்பிகள் நான்கு இடத்தில் வெட்டிக்கொண்டு நிற்கும். மேலே உள்ள இரு புள்ளிகளுக்கு இடையிலுள்ள வெட்டை மட்டும் அழித்துவிட்டு, கம்பிகள் அங்கே வெட்டாமல் அவரவர் பக்கத்துப் புள்ளியை வளைத்துத் திரும்பிவிடுமாறு வரைந்தால், மொத்தமும் ஒரே கம்பியாகிவிடும். வெவ்வேறு கம்பிகள் சந்திக்கும் வெட்டில் இப்படித் திருப்பினால் அவை எப்போதும் இணைந்துவிடும். ஒரே கம்பி தன்னைத்தானே வெட்டும் இடத்தில் திருப்பினால் பிரிந்துவிடவும் கூடும், ஆகவே எது எந்தக் கம்பி என்று இரண்டு நிறப் பென்சிலால் வரைந்து பார்த்துக்கொண்டு அழியுங்கள்.

படி 5: பொடியைக் கையில் எடுங்கள்

தனி அரிசி மாவு இழுக்கும்போது கட்டிகட்டியாக விழுகிறது. வெள்ளைக் கல் மாவில் கால்பங்கு அரிசி மாவு கலந்தால் இழை சீராக வரும், எறும்புக்கும் ஏதோ கிடைக்கும். அடுக்ககத்தில் வழவழப்பான டைல்ஸ் தரையில் பழகினால் பொடி வழுக்கிக்கொண்டு ஓடும். நான் கல் கடையில் மிச்சமாகக் கிடந்த இரண்டடிக் கடப்பைக் கல் ஒன்றை வாங்கி வந்து பால்கனியில் போட்டுக்கொண்டேன். கறுப்புக் கல்லில் வெள்ளை இழையின் குறை ஒன்றுவிடாமல் தெரிகிறது.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றாலும் ஒரு சிட்டிகை எடுத்து, தரையிலிருந்து இரண்டு விரற்கடை உயரத்தில் பிடித்து, கட்டைவிரலை ஆள்காட்டி விரல்மேல் தேய்த்துவிட்டுக்கொண்டே கையை நகர்த்துங்கள். இழை ஓரிடத்தில் தடித்தால் கை நின்றுவிட்டது என்று பொருள். பொடி தீரும் இடம் வளைவின் நடுவில் வந்தால் ஒட்டு அசிங்கமாகத் தெரியும், எனவே வெட்டும் இடத்தில் நிறுத்தி அடுத்த சிட்டிகையை எடுங்கள். புள்ளிகளுக்கு இடையே மூன்று விரல் அகலம் விட்டால் தொடக்கக் கைக்கு இடம் போதும்.

படி 6: வாசலுக்கு வாருங்கள்

தண்ணீர் தெளித்துப் பெருக்கிய உடனே உட்கார்ந்துவிடக் கூடாது. தரையில் நீர் மினுங்கும்வரை பொடி கரைந்து இழை பரந்துவிடும். மினுக்கம் போய் ஈரத்தின் நிறம் மட்டும் மிஞ்சும் நேரம் சரியானது. பால் அடுப்பில் பொங்கும் நேரமும் அதுவும் எங்கள் வீட்டில் ஒத்துப்போவதால், நான் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியிருக்கவில்லை. நீங்களும் ஏற்கெனவே தினமும் செய்கிற ஏதாவது ஒரு வேலையோடு இதைக் கட்டிவிடுங்கள்.

ஆண்களுக்கு ஒரு முன்னறிவிப்பு. நான் முதல்முறை வாசலில் குந்தியபோது எதிர்வீட்டுப் பாட்டி, "ஏன் தம்பி, வீட்ல அவங்க ஊருக்குப் போயிருக்காங்களா?" என்று கேட்டார். இருக்கிறார்கள் என்றேன். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை; ஆனால் நான் முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டு, "கீழ வரிசையில ஒரு புள்ளிய விட்டுட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

படி 7: 5-1 கோலம்

இது 13 புள்ளி. எல்லா இடத்திலும் வெட்டவிட்டால் மூன்று கம்பிகள் வரும்: நான்கு முனைப் புள்ளிகளையும் சுற்றிவரும் பெரிய கம்பி ஒன்று, அதை வெட்டிக்கொண்டு எதிரெதிராகச் சாய்ந்த கம்பிகள் இரண்டு. முனைப் புள்ளியில் பெரிய கம்பியைத் தொடங்கி முடித்துவிட்டு, பிறகு சாய்ந்தவற்றைப் போடுவது எளிது. மூன்றையும் ஒன்றாக்க வேண்டுமானால் இரண்டு வெட்டுகளைத் திருப்ப வேண்டும்: நடுப்புள்ளிக்கும் அதன் நேர்மேல் புள்ளிக்கும் இடையே ஒன்று, அந்த மேல்புள்ளிக்கும் அதன் வலப்பக்கப் புள்ளிக்கும் இடையே இன்னொன்று. திருப்பினால் ஒரே கம்பி ஆகும், ஆனால் நான்கு பக்கமும் ஒத்திருக்கும் அழகு குலைந்துவிடும். வாசலுக்கு மூன்று கம்பிதான் என் தேர்வு. ஒற்றைக் கம்பியை நோட்டில் வைத்துக்கொள்கிறேன்.

தவறினால் முழுவதையும் கலைக்க வேண்டாம். பிழையான துண்டை மட்டும் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, அந்த இடம் உலர்ந்ததும் அருகிலுள்ள இரண்டு வெட்டுகளுக்கு இடையே புதிய இழையை இழுங்கள். அன்று எங்கே தவறியது என்பதைத் தேதியோடு நோட்டில் குறித்துவையுங்கள். என் நோட்டில் முதல் இரண்டு வாரமும் கீழ் வரிசையின் பெயரே திரும்பத் திரும்ப வருகிறது. குந்தி உட்காரும்போது என் நிழல் அந்த வரிசைமேல் விழுந்துகொண்டிருந்தது என்று பிற்பாடுதான் தெரிந்தது. இப்போது விளக்கைப் பார்த்தபடி உட்காருகிறேன்.