மழைவெள்ளத்தில் நின்ற கார்: கிளெய்ம் போடும் முன் பார்த்த கணக்கு

குழித்துறைப் பக்கம் தேங்கிய மழைத்தண்ணீரில் கார் நின்றுவிட்டால் மறுபடி சாவியைத் திருப்பாதீர்கள். காற்று வடிகட்டி வழியாகச் சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளையும். சாதாரண கார் இன்சூரன்ஸ் பாலிசி இதைப் 'பின்விளைவுச் சேதம்' என்று தள்ளிவிடும். எஞ்சின் பாதுகாப்பு ஆட்-ஆன் (கூடுதல் பணம் கட்டி வாங்கும் காப்பு) இருந்தால்தான் வழி உண்டு. பேட்டரி வயரைக் கழற்றி, தண்ணீர் மட்டம் தெரிய போட்டோ எடுத்து, தூக்கிச் செல்லும் வண்டியை அழையுங்கள். சாலையோர உதவி ஆட்-ஆனில் இழுவை மட்டும் கேட்டால் பொதுவாக நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் பிரீமியம் தள்ளுபடி) போகாது.

கிளெய்ம் போட்டால்தான் போகும். போனஸ் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். ஒரே கிளெய்மில் பூஜ்யம். என் போனஸ் 35, சொந்தச் சேத பிரீமியம் (நம் காரின் சேதத்துக்கான பங்கு) தள்ளுபடிக்கு முன் சுமார் 12,000 ரூபாய். போடாவிட்டால் அடுத்த ஆண்டு 45, பிறகு 50 என்று இருக்கும்; போட்டால் பூஜ்யத்திலிருந்து மறுபடி ஏற வேண்டும். ஆக, கிளெய்ம் போட்டால் அடுத்த 5 ஆண்டுகளில் இழக்கும் தள்ளுபடி 45, 30, 25, 15, 5 சதவீதம். கூட்டினால் 120, அதாவது 14,400 ரூபாய். கிளெய்மில் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000 வேறு (1500 சிசிக்கு மேல் 2,000). பழுது பார்த்த பில் 11,000தான் வந்தது, கையிலிருந்தே கட்டினேன். மூன்றாம் நபர் பிரீமியத்துக்கு இந்தப் போனஸே கிடையாது.

கார் பழுது பார்க்கும் நாட்களுக்கு மாற்று வண்டியா? நம்மூரில் பெரும்பாலும் ஒரு நாளுக்கு இவ்வளவு என்று தரும் தினப்படிதான், அதுவும் ஆட்-ஆன் வாங்கி, கிளெய்ம் ஏற்கப்பட்டால். வெறும் கிளட்ச் தேய்மானத்துக்கு அதுவும் வராது.