பையர் முன்னால் உட்கார்ந்து என்ன கேட்பது?

திருப்பூரில் சின்னதாக பனியன் யூனிட் நடத்தும் பலர், ஆர்டர் கொடுக்கும் பையரையோ அவருக்காக ஆர்டரைக் கவனிக்கும் பையிங் ஆபீஸ் மெர்ச்சண்டைசரையோ பார்க்கப் போனால், சாம்பிளைப் பரப்பிவைத்து, எத்தனை மெஷின் ஓடுகிறது, மாதம் எவ்வளவு பீஸ் என்று மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு, கடைசியில் "ரேட் என்ன எதிர்பார்க்கறீங்க சார்?" என்று கேட்பார்கள். போச்சு. அவர் அடிமாட்டு விலை ஒன்றைச் சொல்வார், அப்புறம் அதற்கு மேல் ஏற்றுவது பெரும்பாடு.

ரேட்டைப் பிறகு பேசலாம், முதலில் போன ஆர்டரைப் பற்றிக் கேளுங்கள். "இந்த ஸ்டைல் ஏற்கெனவே ஓடினதுங்களா, அதுல எங்க பிரச்சினை வந்துச்சு?" ஷேட் மாறியது, துவைத்ததும் சுருங்கியது, ஷிப்மென்ட் தள்ளிப்போய் விமானத்தில் அனுப்ப வேண்டிவந்தது என்று ஏதாவது ஒன்று வெளியே வரும். அவருக்குத் தூக்கம் கெட்டது எதனால் என்று அப்போது தெரியும், காஸ்டிங்கையும் அதற்கேற்ப போடலாம். "குவாலிட்டி முக்கியங்களா?" என்று கேட்பதில் ஒரு பயனும் இல்லை, முக்கியமில்லை என்று யார் சொல்லப் போகிறார்?

துணியின் கனத்தை, அதாவது ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பதை, "ஜிஎஸ்எம் 180 போதுங்களா" என்று கேட்டாலும் அப்படித்தான், தலையை ஆட்டிவிடுவார். 180 என்பது துவைப்பதற்கு முன்பா பின்பா, எத்தனை சதவீதம் கூடக்குறைய இருக்கலாம் என்று கேளுங்கள். துணியைக் கிலோ கணக்கில் வாங்குகிறோம், 180 கேட்ட இடத்தில் 190 வந்து நின்றால் ஒவ்வொரு பீஸுக்கும் 5 சதவீதத்துக்கு மேல் துணி கூடுதலாகப் போகும், அது உங்கள் கைக்காசு.

தேதியிலும் இதே கதைதான். 20ஆம் தேதி என்றால் ஃபேக்டரியை விட்டு வண்டி கிளம்புவதா, தூத்துக்குடியில் சரக்கை ஒப்படைப்பதா, கப்பல் ஏறுவதா? அதைவிட முக்கியமாக, லேப் டிப்பையும் (கலர் பார்க்கச் சாயம் போட்டுக் காட்டும் துணித்துண்டு) சாம்பிளையும் யார் அப்ரூவ் செய்வார், அவருக்கு எத்தனை நாள் ஆகும், அப்ரூவல் தாமதமானால் ஷிப்மென்ட் தேதியும் அதே அளவு தள்ளுமா? இதைக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள்தான் கடைசி வாரத்தில் ராத்திரி ஷிப்ட் போட்டு அல்லாடுகிறார்கள். இன்ஸ்பெக்‌ஷன் ஏக்யூஎல், அதாவது குறையுள்ள பீஸ் எந்த அளவு வரை இருந்தால் ஏற்பார்கள் என்ற வரம்பு, 2.5ஆ 4ஆ என்பதையும் கையோடு கேட்டுவிடுங்கள்.

கேட்டபின் வாயை மூடிக்கொண்டு இருங்கள். அவர் யோசிக்கும் இடைவெளியில் நீங்களே பதில் எடுத்துக் கொடுத்தால், அவர் "ஆமா, அதேதான்" என்பார். கூட வரும் பார்ட்னருக்கும் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள், பல மீட்டிங் அவர் வாயால்தான் கெடுகிறது.

பணம் எப்போது என்பதை நேராகக் கேட்கலாம், அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. உள்நாட்டு பார்ட்டி என்றால், உத்யம் என்ற அரசுப் பதிவு வைத்திருக்கும் குறு, சிறு நிறுவனத்துக்கு 2006ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவன) சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். ஆனால் சட்டத்தைத் தூக்கி முகத்தில் வீசாமல், "உங்க அக்கவுண்ட்ஸ்ல பில் எந்தத் தேதியிலிருந்து ஓடும், பாஸ் பண்றது யாருங்க?" என்று விசாரித்தால் போதும்.

வெளியே வந்ததும் கேட்டதையும் அவர் சொன்னதையும் அன்றைக்கே மெயிலில் போடுங்கள். ஏதாவது ஒரு வரிக்குப் பதில் வராவிட்டால், நூலுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் போன் போட்டு அதை மட்டும் கேளுங்கள்.