ஓடிப்போன சப்டைட்டிலைப் பிடித்த கதை

பி.இ. முடித்து சோழிங்கநல்லூரில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. பொழுதுபோக்கு ஒன்றுதான்: வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு விண்வெளிப் படம். ரூம்மேட்டுக்கு அதிகாலை ஷிப்ட், சத்தம் வைக்க முடியாது. சப்டைட்டில்தான் கதி.

போன வாரம் அதுவும் படுத்தி எடுத்துவிட்டது. ஹீரோ வாய் திறக்கும் முன்பே வசனம் வந்து நிற்கிறது! வி.எல்.சி. என்ற வீடியோ பிளேயரில் 'எச்' விசையைத் தட்டித் தட்டித் தள்ளிவைத்தேன் (தட்டுக்கு 50 மில்லிசெகண்ட், விரல் தேய்ந்துவிடும்). பத்து நிமிடத்தில் மறுபடி முந்திக்கொண்டது. ஒரு மணி நேரம் தாண்டிப் பார்த்தால் வித்தியாசம் ஏறக்குறைய இரண்டரை நிமிடம்.

அப்போதுதான் உறைத்தது. இது தாமதக் கோளாறு இல்லை, வேகக் கோளாறு. என்னிடம் இருந்த படம் நொடிக்கு 23.976 ஃபிரேம் (ஃபிரேம் என்றால் படச்சட்டம், ஒரு தனிப் படம்). சப்டைட்டிலோ ஐரோப்பிய டிவிக்காக 25 ஃபிரேமில், கொஞ்சம் வேகமாக ஓடும் பிரதிக்கு எழுதியது; அதனால்தான் வசனம் போகப்போக முந்துகிறது. 'சப்டைட்டில் எடிட்' என்ற இலவச மென்பொருளில் ஃபிரேம் ரேட் மாற்றும் வசதி இருக்கிறது. 25-இலிருந்து 23.976 என்று கொடுத்துச் சேமித்தேன். அரை நிமிட வேலை. முதல் வசனமும் கடைசி வசனமும் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படம் முடிந்தபோது மணி மூன்று. சனிக்கிழமை காலை டிரெயினிங் இருந்தது வேறு விஷயம்.