சோலார் போட்டும் பில் குறையவில்லையா? மிச்சம் கரையும் இடங்கள்

சோலார் விலை விசாரிக்கப் போனால் விற்பவர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கிலோவாட் போடலாம் சார்?" என்பதுதான். உடனே ஒரு எண்ணைச் சொல்லிவிடாதீர்கள். கடந்த ஒரு வருஷத்து ஈபி பில்களை, இரண்டு மாதத்துக்கு ஒன்றாக ஆறையும், எடுத்து மேஜையில் வையுங்கள். பக்கத்து வீட்டில் மூன்று கிலோவாட் போட்டிருக்கிறார்கள் என்பது நாமும் மூன்று போடுவதற்குக் காரணமே இல்லை.

தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு ஒரே விலை கிடையாது. இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம். 400 வரை யூனிட்டுக்கு ஐந்து ரூபாய்க்குள்தான். அதற்கு மேல் படிப்படியாக ஏறி, 1000 யூனிட்டைத் தாண்டியதும் பதினொரு ரூபாய்க்கு மேல் போய்விடுகிறது. மொத்தம் 500-ஐத் தாண்டினால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த சலுகை விலையும் போய்விடும். சோலார் உங்கள் பில்லின் மேல்படியிலிருந்துதான் வெட்டத் தொடங்கும். அதனால் ஒரே பேனல் ஒரு வீட்டில் யூனிட்டுக்குப் பத்து ரூபாய் சம்பாதிக்கும், இன்னொரு வீட்டில் ஐந்து ரூபாய்கூடச் சம்பாதிக்காது.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட், வருஷ சராசரியில் நாளுக்கு நாலு யூனிட் தரும். அப்படியானால் மூன்று கிலோவாட் இரண்டு மாதத்தில் சுமார் 720 யூனிட். இரண்டு ஏசி ஓடும் ஒரு வீட்டில் 1100 யூனிட் செலவாகிறது, பில் ஏறக்குறைய 8,000 ரூபாய் என்று வையுங்கள். சோலார் வந்தபின் வாரியத்திடம் வாங்குவது 380 யூனிட்தான். பில் ஆயிரத்துச் சொச்சத்துக்கு இறங்கிவிடும். ஒரு பில்லுக்கு ஏழாயிரம் மிச்சம், வருஷத்துக்கு நாற்பதாயிரத்துக்கு மேல். மூன்று கிலோவாட்டுக்குச் சுமார் இரண்டு லட்சம் ஆகிறது என்றால், மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் போக, கைக்காசு மூன்று வருஷத்தில் திரும்பிவிடும்.

அதே மூன்று கிலோவாட்டை 420 யூனிட் மட்டும் செலவாகும் வீட்டில் போடுங்கள். அங்கே பில்லே 1,300 ரூபாய்தான். முழுதும் பூஜ்யமானாலும் வருஷத்துக்கு எட்டாயிரம்கூட மிச்சமில்லை. போட்ட காசு வர பதினைந்து வருஷம் ஆகும். மீதி யூனிட்டுகள் கணக்கில் ஏறிக்கொண்டே போகும், ஆனால் நாம் வாங்கும் விலைக்கு அவற்றை யாரும் திரும்ப வாங்குவதில்லை. அந்த வீட்டுக்கு ஒரு கிலோவாட்டே தாராளம். மானியத்தின் உச்சவரம்பு மூன்று கிலோவாட்டில் நிற்பதால் விற்பவர்கள் எல்லோரையும் அங்கேயே தள்ளிவிடுகிறார்கள். முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000 மட்டுமே என்பதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. வாரியத்தின் லைனைப் பயன்படுத்துவதற்காக, பில்லில் நெட்வொர்க் கட்டணம் என்றும் ஒன்று சேரலாம். உங்கள் பிரிவு அலுவலகத்தில் கேட்டு அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, போட்டாயிற்று. அப்புறம் வரும் முதல் சண்டை மீட்டரோடு. பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் சோலார் இன்வெர்ட்டரின் ஆப்பில் இன்று 14 யூனிட் என்று இருக்கும். ஈபி வைத்த இருவழி மீட்டரில் பட்டனை அழுத்திப் பார்த்தால், ஏற்றுமதி ஒன்பதுதான் கூடியிருக்கும். "அஞ்சு யூனிட்ட அமுக்கிட்டாங்க" என்று புகார் எழுதக் கிளம்பிவிடுவார்கள். அந்த அஞ்சை அமுக்கியது உங்கள் ஃபிரிட்ஜும் மோட்டாரும் ஃபேனும்தான். பகலில் வீடு நேரடியாக உறிஞ்சிக்கொண்ட யூனிட் அந்த மீட்டரைத் தொடுவதே இல்லை, வெளியே போனது மட்டும்தான் அதில் பதிவாகும். இதே குழப்பத்தில்தான் சிலர் துணி துவைப்பதையும் இஸ்திரி போடுவதையும் நடுப்பகலுக்கு மாற்றி அவதிப்படுகிறார்கள். நெட் மீட்டரிங்கில் பகலில் கொடுத்த யூனிட்டும் ராத்திரி எடுத்த யூனிட்டும் ஒன்றுக்கு ஒன்று கழிந்துவிடும். சௌகரியப்பட்ட நேரத்தில் துவையுங்கள்.

உண்மையில் மிச்சத்தைத் தின்பது வேறு. சோலார்தானே என்று ஹாலுக்கும் ஒரு ஏசி வாங்குவார்கள், கேஸை விட்டுவிட்டு இண்டக்‌ஷனுக்கு மாறுவார்கள். கேஸ் செலவு குறைவதால் பின்னதிலாவது கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் கூடுதலாக ஓட்டும் 300 யூனிட், வெட்டித் தள்ளிய அந்த விலையுயர்ந்த படிகளுக்கே பில்லைத் திரும்ப ஏற்றிவிடும். ரெண்டு வருஷம் கழித்து, "சோலார் போட்டும் பில் வருதே" என்று பேனலைத் திட்டுவார்கள்.

நிழல் விஷயத்தில் ஏமாறாதவர்கள் குறைவு. பேனல்கள் ஒன்றோடு ஒன்று வரிசையாகக் கோக்கப்பட்டிருப்பதால், மாடியில் இருக்கும் சின்டெக்ஸ் தொட்டியின் நிழல் ஒரு பேனலின் ஓரத்தில் விழுந்தாலும் அந்தப் பேனலின் அளவோடு நஷ்டம் நிற்காமல் போகலாம். காலை ஒன்பது, மதியம், மாலை நான்கு என மூன்று வேளையும் மாடியில் நின்று பாருங்கள். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து நிழல் நீளும். சித்திரையில் அளவெடுத்துவிட்டுப் போகிறவருக்கு அது தெரியாது. பக்கத்து மனையில் தென்னங்கன்று நட்டிருந்தால் அதையும் கவனியுங்கள், பேனலின் ஆயுள் இருபத்தைந்து வருஷம்.

கத்திரி வெயிலில் உற்பத்தி எகிறும் என்று எதிர்பார்ப்பதும் வீண். பேனலின் வாட் கணக்கு 25 டிகிரி வெப்பத்துக்கானது. மொட்டைமாடிச் சூட்டில் அது 60 டிகிரியைத் தொட்டால் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் விழும். ஒரு மாத உற்பத்தியைப் பார்த்துப் பழுது என்று முடிவுகட்ட வேண்டாம். போன வருஷத்து அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

தூசியைத் துடைக்கும்போது போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கண்ணாடியில் வெள்ளைப் படலம் கட்டும், பிறகு சுரண்டினாலும் போகாது. நல்ல தண்ணீர், மெல்லிய துணி, விடிகாலை. கொதிக்கும் கண்ணாடியில் நடுப்பகலில் குழாயைத் திறந்தால் விரிசல் விழக்கூடும்.

கரண்ட் போனால், ஈபி லைனோடு இணைந்து ஓடும் சாதாரண ஆன்கிரிட் சோலாரும் நின்றுவிடும். லைனில் வேலை பார்க்கும் வயர்மேன் மீது நம் மாடியிலிருந்து மின்சாரம் பாயக்கூடாது என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். அதற்குப் பரிகாரமாகப் பேட்டரி வாங்கினால் மிச்சக் கணக்கு தலைகீழாகிவிடும். உங்கள் தெருவில் கரண்ட் அடிக்கடி போகாவிட்டால் பழைய யூபிஎஸ்ஸே போதும்.

கடைசியாகத் தளம். மாடியில் ஏற்கெனவே ஒழுகல் இருந்தால், முதலில் அதை அடைத்துவிட்டுப் பேனலை ஏற்றுங்கள். தட்டோட்டைத் துளைத்துக் கால் நட்ட பிறகு ஒழுகினால், எல்லாவற்றையும் கழற்றி மாட்டும் கூலி ஒரு வருஷ மிச்சத்தை விழுங்கிவிடும். கடலோர ஊர்களில் இரும்புக் கால்களுக்கு நல்ல நாகமுலாம் (கால்வனைசிங்) பூசியிருக்கிறதா என்று பாருங்கள், சாதாரண பெயின்ட் உப்புக்காற்றுக்கு நிற்காது. இன்வெர்ட்டருக்கு இருபத்தைந்து வருஷ ஆயுள் கிடையாது. நடுவில் ஒருமுறையாவது மாற்றும் செலவை இப்போதே ஒதுக்குங்கள். பேனல்களை மேலே ஏற்றுவதற்கு முன் அவற்றின் பின்புறம் ஒட்டியிருக்கும் வரிசை எண்களைப் போட்டோ எடுத்து, பில்லோடு சேர்த்து வையுங்கள். போட்டுக் கொடுத்தவர் கடையை மூடிவிட்டுப் போனாலும், உத்தரவாதம் கேட்டுத் தயாரிப்பாளரிடம் போக அவைதான் உதவும்.