விற்கப் போகும் வீட்டில் எதைப் பழுதுபார்ப்பது, எதை அப்படியே விடுவது

அம்மாவின் வீட்டை விற்பது என்று முடிவானதும் அக்காவும் நானும் முதலில் செய்த வேலை, பின்னறைச் சுவருக்குப் பெயிண்ட் அடித்தது. செய்திருக்கவே கூடாத வேலை அது. சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறி, பூச்சு உப்புப் பூத்து உதிர்ந்துகொண்டிருந்தது. சுரண்டிவிட்டுப் பட்டி பார்த்து இரண்டு கோட்டிங் பெயிண்ட் அடித்ததும் பளிச்சென்று ஆகிவிட்டது. மூன்றாவது வாரம் வீடு பார்க்க வந்தவர் அந்தச் சுவரில் சின்னக் கொப்புளம் ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்தினார். பெயிண்ட் தோலாக உரிந்து வந்தது. உள்ளே ஈர மணல். அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வோர் அறையிலும் சுவரைத் தட்டிப் பார்த்தார், அலமாரிக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். குறையே இல்லாத அறைகளையும் அவர் நம்பவில்லை. திரும்பி வரவும் இல்லை.

அன்றிலிருந்து எந்தக் குறையைப் பார்த்தாலும் நான் முதலில் செலவைக் கேட்பதில்லை. இந்தக் குறை தானாக வளருமா, வளராதா என்றுதான் கேட்கிறேன். கீறல் விழுந்த தரை ஓடு அடுத்த வருடமும் அதே கீறலோடுதான் இருக்கும். கசிவு அப்படி இருக்காது. வளரும் குறையை விற்பதற்கு முன் நிறுத்துங்கள். வளராததை, பெரும்பாலும் விட்டுவிடலாம்.

வளரும் குறைகளில் தண்ணீர்தான் முதலாவது. தண்ணீர் மீட்டர் இருந்தால் இரவில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். யாரும் தண்ணீர் புழங்காமல் காலையில் எண் ஏறியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. ஃப்ளஷ் டேங்கில் கொஞ்சம் சாயம் கலந்து அரை மணி நேரம் விடுங்கள். தொடாமலே கழிப்பறைப் பீங்கானில் நிறம் இறங்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் போய்விட்டது. ஈரச் சுவருக்கும் ஒரு சோதனை உண்டு. பிளாஸ்டிக் தாள் ஒன்றை நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விட வேண்டும். தாளின் வெளிப்பக்கம் நனைந்தால் அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் கொடுத்தாலே பாதி தீரும். உள்பக்கம் நனைந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது.

எங்கள் சுவரில் உள்பக்கம்தான் நனைந்திருந்தது. அந்தச் சுவரின் மறுபக்கம் குளியலறை. பிளம்பர் இரண்டு டைல்ஸ்களை உடைத்து, குழாய் இணைப்பு ஒன்றை மாற்றினார். அரை நாள் வேலை. ஆனால் ஓட்டையை அடைத்த மறுநாளே சுவர் காய்ந்துவிடாது. கனமான செங்கல் சுவர் உலரப் பல மாதங்கள் ஆகும். அதற்குள் பெயிண்ட் அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் மறுபடி கொப்பளிக்கும். அதனால் பழைய பூச்சைக் கொத்திவிட்டுச் சுவரைத் திறந்தே விட்டோம். பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் பிளம்பரின் ரசீதைக் காட்டி, எங்கே ஒழுகியது, எப்போது நின்றது என்று சொல்ல முடிந்தது.

விரிசலைக் கண்டு எல்லோரும் பயப்படுகிறார்கள். பூச்சில் வலைபோல ஓடும் மயிரிழை விரிசல்கள் சாதாரணமானவை. ஏடிஎம் அட்டையின் கனம் முக்கால் மில்லிமீட்டர். அதுவே நுழையாத விரிசலைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடுவது, செங்கல் வரிசையோடு படிப்படியாக இறங்குவது, ஒரு முனையில் விரிந்து மறுமுனையில் குறுகுவது ஆகியவற்றைத்தான் கவனிக்க வேண்டும். இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். சில வாரங்களில் விரிசல் கோட்டைத் தாண்டினால் கொத்தனார் போதாது, கட்டுமானப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். கூரைக் காரை பெயர்ந்து கம்பி தெரிந்தாலும் அவரைத்தான் கூப்பிட வேண்டும். துரு, இரும்பை விடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. துருவை நீக்காமல் மேலே சிமெண்ட் பூசினால் அதுவும் விழும். கீழே யார் நிற்பார்கள் என்று யாருக்குத் தெரியும்?

மின்சாரத்தில் நான் கணக்கே பார்ப்பதில்லை. மின்கசிவுப் பாதுகாப்பு சுவிட்சில் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். அது உடனே மின்சாரத்தைத் துண்டிக்காவிட்டால் எலெக்ட்ரீஷியனை அழைத்துச் சரிசெய்யுங்கள். கருகிய பிளக் பாயிண்டையும் மாற்றிவிடுங்கள். அந்த வீட்டில் நாளை ஒரு குழந்தை இருக்கலாம்.

சமையலறைதான் எங்கள் வீட்டில் பெரிய வாக்குவாதம்.

"மேடையை மாற்றி, புது அலமாரி போட்டால் வீடே எடுப்பாக இருக்கும், தம்பி" என்றாள் அக்கா.

"வாங்குகிறவருக்கு அந்த நிறம் பிடிக்காவிட்டால்? இடித்துவிட்டு அவர் தன் இஷ்டப்படி போடுவார், அக்கா. நம் பணம் போனது போனதுதான்."

அவளுக்குக் கோபம். அதனால் இருவரும் சேர்ந்து இரண்டு தரகர்களிடம் தனித்தனியே போய் ஒரே கேள்வியைக் கேட்டோம்: இப்படியே விற்றால் என்ன விலை, சமையலறையைப் புதுப்பித்தால் என்ன விலை? இருவர் சொன்ன வித்தியாசமும் மேஸ்திரி எழுதிக் கொடுத்த மதிப்பீட்டில் பாதிகூட வரவில்லை. அக்காவே வேண்டாம் என்றாள். நீங்களும் இந்தக் கணக்கை வாய்ப்பேச்சில் போடாமல் தாளில் போடுங்கள். வேலை நடக்கும் மாதங்களின் கடன் வட்டி, வரி, காவல் செலவு எல்லாவற்றையும் செலவுப் பக்கம் எழுதுங்கள். வேலை சொன்ன தேதியில் முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விலை ஏற்றம் இவற்றைத் தெளிவாகத் தாண்டினால் மட்டும் கை வையுங்கள்.

இரண்டு நிலைமைகளில் இந்தக் கணக்கு மாறும். வாங்குபவர் இடித்துக் கட்டப் போகிறார், மனைக்குத்தான் விலை என்றால் ஆபத்தானதை மட்டும் சரிசெய்யுங்கள். கடன் வாங்கி வாங்குபவர் என்றால் கடன் கொடுப்பவரின் மதிப்பீட்டாளர் வந்து பார்ப்பார். கூரையோ அஸ்திவாரமோ மோசமாக இருந்தால் கடனே கிடைக்காமல் போகலாம். அப்போது கையில் மொத்தப் பணம் வைத்திருப்பவர் மட்டுமே வருவார், விலையை அவரே சொல்வார். அந்தப் பழுதுக்குச் செலவு செய்வது நியாயம்.

சொட்டும் குழாய்க்கு வாஷர், கிறீச்சிடும் கீலுக்கு எண்ணெய், எரியாத பல்பு, அடைத்த வடிகால் ஆகியவற்றை யோசிக்காமல் ஒரே நாளில் முடித்துவிடுங்கள்.

செய்யாமல் விட்டதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். எங்கள் தாளில் நான்கு வரிகள்: பின்னறைச் சுவர் உலர்ந்ததும் பூச வேண்டும், மாடிக் கதவு மழைக்காலத்தில் இறுகும், கூடத்தில் இரண்டு ஓடுகள் கீறல், சமையலறை மேடை பழையது. பக்கத்திலேயே ஒவ்வொன்றுக்கும் மதிப்பீட்டுத் தொகையையும் எழுதியிருந்தோம். அடுத்து வந்த தம்பதியிடம் வாசலிலேயே அந்தத் தாளைக் கொடுத்தோம். அந்த அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாகப் போய் வரி வரியாகச் சரிபார்த்தார். பின்னறையில் சுவரைத் தொட்டுப் பார்த்தார். பேரம் நடந்தது, அந்த நான்கு தொகைகளின் மீது மட்டுமே நடந்தது.