கணவன் மனைவி பிரிஞ்சப்புறம் ரெண்டு பேர் பேர்ல உள்ள வீட்ட எப்படி பிரிக்கது

மொதல்ல பத்திரத்த எடுத்து முழுசா வாசிங்க, ஆளுக்கு எவ்வளவு பங்குன்னு எழுதியிருக்கான்னு பாருங்க, எழுதலன்னா யாரு எவ்வளவு பணம் போட்டான்னு காட்டுக பேங்க் ஸ்டேட்மென்ட்ட எடுத்து வைங்க. வீட்டு மேல அடமானம் எதும் பதிவாயிருக்கான்னு ஆன்லைன்ல வில்லங்கமும் போட்டு பாத்துருங்க.

எங்க தக்கலைப் பக்கம் நெறய வீடு அஞ்சு சென்ட், ஆறு சென்ட்டுதான், நடுவுல சுவர் வச்சா கிணறு ஒருத்தருக்கு போவும் வழி இன்னொருத்தருக்கு போவும், அதனால ஒருத்தர் மத்தவங்க பங்க வாங்குகதுதான் நல்லதுன்னு நான் சொல்லுவேன். மதிப்பு போட்டு, பாக்கி லோன கழிச்சு, பணத்த பேங்க் வழியா குடுத்து, பங்க விட்டுக் குடுத்தாச்சுன்னு எழுதுக விடுதலைப் பத்திரம் பதிஞ்சிருங்க.

லோன்ல ரொம்ப கவனம். பத்திரத்துல பேரு போனாலும் லோன்ல பேரு நிக்கும், பேங்க் எழுத்துல விடுவிக்காத வரைக்கும் இஎம்ஐ கட்டலன்னா உங்களயும் தேடுவாங்க. என் சித்தி மக இது தெரியாம கையெழுத்து போட்டுட்டா, அப்புறம் வந்த நோட்டீஸ கையில வச்சுட்டு சமையக்கட்டுல நின்னு அழுதது இப்பவும் கண்ணுலயே நிக்கி.

ஒத்து வரலன்னா கணவன் மனைவி சொத்து வழக்க குடும்ப நீதிமன்றத்துலயே போடலாம், நம்ம கன்னியாகுமரி ஜில்லாவுக்கு நாகர்கோவில்ல இருக்கு. பிரிக்க முடியாத வீடுன்னா 1893 பாகப்பிரிவினைச் சட்டப்படி கோர்ட்டே வித்து காச பங்கு வைக்க சொல்லலாம்.

எல்லாம் முடிஞ்சதும் பட்டா, வீட்டு வரி, கரண்ட் கனெக்‌ஷன் மூணுலயும் பேர மாத்திருங்க.